சரிகுறியியல்: லாரிப் பரிசோதனைப் படிவம் குறித்த ஒரு முன்னாய்வு

லாரி கிளம்புமுன் டிரைவர் நிரப்பிக் கொடுக்கும் பரிசோதனைப் படிவத்துக்குத் தமிழில் இதுவரை உரை கிடையாது. ஆசாரக்கோவைக்கு இருக்கிறது, ஆயில் கேஜுக்கு இல்லை. இந்தப் பெருங்குறையைத் தீர்ப்பதே கட்டுரையின் நோக்கம். தீராவிட்டால், ‘மேலாய்வுக்கு இடமுண்டு’ என்று முடித்துக்கொள்ளும் வசதி ஆய்வுலகில் இருப்பதால் துணிந்து இறங்குகிறோம்.

1. தோற்றம்

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ரைட் ஃபீல்டு என்ற இடத்தில், போயிங் கம்பெனியின் மாடல் 299 விமானம் சோதனைக்காக மேலேறிய கொஞ்ச நேரத்தில் விழுந்து நொறுங்கியது. நிறுத்தி வைத்திருக்கும்போது சுக்கான்கள் காற்றில் ஆடாமலிருக்கப் பூட்டு ஒன்று போடுவார்கள். அதை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது என்பர் மேலைநாட்டார். அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது என்பர் நம்மவர். எதற்கு முன்பும் எல்லாமே நம்மிடம் இருந்திருப்பதால் இதற்குத் தனிச் சான்று தேவையில்லை (டீக்கடை, வாய்மொழி).

2. சுவடிகளும் பாடபேதமும்

நாமக்கல், சங்ககிரி, சேலம் என மூன்று ஊர்களில் செட் வைத்திருக்கும் ஒரு லாரிக் கம்பெனியைக் கற்பனை செய்துகொள்க. மூன்று ஊருக்கும் மூன்று படிவம். நாமக்கல் பாடத்தில் ஸ்டெப்னி ஏழாம் வரி. சங்ககிரிப் பாடத்தில் பதினோராம் வரி. சேலம் பாடத்தில் காணவே இல்லை. சேலத்தில் ஸ்டெப்னியே இல்லாததால் வரியும் இல்லை என்பது ஒரு சாரார் வாதம். ஜெராக்ஸ் எடுக்கையில் அடிப்பகுதி வெட்டுப்பட்டது என்பர் மறுசாரார். ‘வைப்பர்’ இடைச்செருகலாக இருக்கலாம்; ஐப்பசி, கார்த்திகைப் படிவங்களில் மட்டுமே அதன் நேரே பேனா பட்டிருக்கிறது (ஆபீஸ் பீரோ, கீழ்த்தட்டு, கரையான் தின்றது போக மிஞ்சிய பகுதி).

மூன்றையும் ஒன்றாக்கக் குழு கூடியது. ‘ஜாக்கி, லீவர்’ ஒரே வரியா, இரண்டு வரியா என்பதிலேயே முற்பகல் போயிற்று. ஒரே வரி என்றால், ஜாக்கி இருந்து லீவர் இல்லாத வண்டிக்கு அரை டிக் போட நேரும். அரை டிக் எப்படி இருக்கும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது.

3. எழுத்ததிகாரம்

தொல்காப்பியர் வழியில் எழுத்து, சொல், பொருள் என மூன்றாகப் பகுத்தோம். எழுத்தாவது டிக். அது ஐவகைப்படும்.

நின்ற குறி: கட்டத்துக்குள் நேராக நிற்பது. புது டிரைவர், முதல் வாரம். பிறகு வழக்கொழிந்தது.

முற்குறி: வண்டி செட்டுக்கு வருமுன்பே விழுவது. வெள்ளிக்கிழமையே ஞாயிறு வரை போட்டு வைத்தல் இதன்பாற்படும்.

பிற்குறி: ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்தபின், போன மாதத் தேதிகளுக்கு விழுவது. ஒரே மை, ஒரே சாய்வு, முப்பது நாள்.

மேற்படிக் குறி: முதல் கட்டத்தில் டிக்; கீழே முழுக்க ‘மேற்படி’.

ஓடு குறி: இதுவே ஆய்வின் உயிர்நிலை. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எல்லாக் கட்டங்களையும் கடப்பது. ‘ரேடியேட்டர் தண்ணீர்’ வரியில் தெளிவான டிக்காகத் தொடங்கும். ‘இண்டிகேட்டர்’ வரும்போது வால் குறுகும். ‘ஏர் டேங்க் தண்ணீர் வடித்தாயிற்றா’ என்ற இடத்தில் வெறும் அலையாகிவிடும். உகரம் தன் மாத்திரையில் பாதியாகக் குறுகினால் குற்றியலுகரம்; இதைக் குற்றியல் சரிகுறி எனலாம் (கிளீனர் ஒருவரின் விளக்கம், கேபின் கதவின் உட்புறம், பால்பாயிண்ட், காலம் அறியக்கூடவில்லை). ‘பிரேக்’ வரியில் அலையும் நேர்கோடாகிவிடுவது சோம்பலால் அன்று, பிரேக் மீதுள்ள நம்பிக்கையால் என்று நயம் காண்பாரும் உளர். அது நம்பிக்கையன்று, அந்த வரியில் டீ கிளாஸ் வைத்த வளையம் இருந்ததால் பேனா வழுக்கியது என்று மறுப்பாரும் உளர் (மேற்படி கதவு, மேற்படி கிளீனர், மறுபதிப்பு, பெயின்ட் அடித்தபின் திருத்தி எழுதியது, இரண்டாம் அடி ஸ்டிக்கரால் மறைந்துள்ளது).

படிவத்தை நிரப்பியவர் வண்டியைப் பார்க்கவில்லையே என்று புலவர் பெருமக்கள் கடிந்துகொள்ள வேண்டாம். மூலத்தைத் திறக்காமல் உரைக்கு உரை எழுதும் மரபு நமக்கு இருக்கிறது. களத்துக்கே போகாமல் ‘தரவுகள் திரட்டப்பட்டன’ என்று ஆய்வேட்டில் எழுதும் கையும், ‘பிரேக் சரி’ என்று எழுதும் கையும் ஒரே குருகுலத்தில் பயின்றவை.

4. சொல்லதிகாரம்

ஓகே.

5. பொருளதிகாரம்

பொருளாவது வண்டி. இதற்குப் படிவத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை.

வெளியே ஓர் ஆதாரம் உண்டு. விடிகாலையில் பழைய டிரைவர் ஒருவர் இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வருகிறார். பின்சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் உள் டயர் வெளி டயருக்குப் பின்னால் மறைந்து நிற்கும். அவர் குனிந்து, இடுக்கில் கம்பியை விட்டு, உள் டயரைத் தட்டுகிறார். காற்று நிறைந்த டயர் ‘டங்’ என்கிறது, கம்பி துள்ளுகிறது. அடுத்தது ‘பொத்’. உடனே கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் பஞ்சர்காரரைக் கூப்பிடுகிறார். உள் டயர் இறங்கிவிட்டால் பாரம் முழுக்க வெளி டயர்மேல் விழும். அது சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும். ‘பொத்’ என்பதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. அன்றைய படிவத்தில் டயருக்கு நேரே முந்தின நாளே டிக் விழுந்திருந்தது.

எஃப்.சி.யையும் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் வரும் தகுதிச் சான்று அது. அதற்குப் புதுப் பெயின்ட் வேண்டும். ஆகவே தனி நூல்.

6. முடிவுரை

மூன்று படிவமும் ஒரே படிவமாகிவிட்டது. வரிசை எண், கட்டத்தின் அகலம், கையெழுத்துக்கான இடம் எல்லாம் எல்லா ஊரிலும் ஒன்றே. இனி எந்த ஊரிலும் ஒரே மாதிரி பார்க்காமலிருக்கலாம். குழுவுக்கு எமது பரிந்துரை ஒன்றுதான்: அடுத்த கூட்டத்தைச் செட்டுக்குள், வண்டி பக்கத்தில், ஆளுக்கொரு கம்பியோடு நடத்துங்கள். படிவத்தை எத்தனை முறை திருத்தினாலும் உள் டயரில் காற்று ஏறாது.