கிட்டார் ஜீர்ணோத்தாரணம்

மின்சாரக் கிட்டார் ஒன்றைப் பழுதுபார்க்கத் துணிந்தவனிடம் உலகம் கேட்கும் முதற் கேள்வி, "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்பதுதான். பாவாடை தைக்கும் தையற்காரரைப் பார்த்து, "இதை நீங்கள் கட்டிக்கொள்வதுண்டா?" என்று இதுவரை எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை, ஆயினும் என்னை மட்டும் பால்காரர் முதல் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் வரையில் சகலரும் அவ்வாறு விசாரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் நான் ஒரே ஒரு பெயரைத்தான் பதிலாகச் சொன்னேன். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்னும் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரும், அதற்கு முன்பு கணக்கெழுதி ஜீவனம் நடத்தியவருமான லியோ ஃபெண்டர் என்பவர், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரை வெளியிட்டு உலகத்து வாலிபர்களின் உறக்கத்தையும் அவர்களுடைய பெற்றோரின் உறக்கத்தையும் ஒருங்கே கலைத்தாரே, அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாமை, கணக்கு உத்தியோகம் ஆகிய அவருடைய இரண்டு யோக்கியதைகளும் எனக்குப் பூரணமாக உண்டு என்பதை நான் அடக்கத்துடன் எடுத்துக்காட்டுவேன்.

கிட்டார் என் தங்கை மகனுடையது. வேளச்சேரியில் தரைத்தளத்து அறை ஒன்றில் நண்பர்களோடு தங்கியிருந்த அவன், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தன் உயிரையும் மடிக்கணினியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டான். கட்டிலுக்கடியில் கிடந்த கிட்டாரைத் தண்ணீர் வடிந்தபின் எடுத்துவந்து நங்கநல்லூரில் எங்கள் பரணில் ஏற்றிவிட்டு, அப்படியே பெங்களூருக்கும் போய்விட்டான். பல வருஷங்கள் கழித்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, வீட்டிலே எந்தப் பொருளைத் தொட்டாலும் "அதை ஏன் எடுக்கிறீர்கள்?" என்ற குரல் கேட்கும் ஸ்திதியை நான் அடைந்த காலத்தில், கேட்பாரற்றுக் கிடந்த ஒரே வஸ்து அதுதான். ஒட்டுப்பலகையாலான உடல் ஊறிப் பிளந்து, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது, வர்ணம் கொப்புளித்திருந்தது, தந்திகள் துருவாகி, தொட்டால் கையோடு வந்தன, கழுத்தோ, மேலதிகாரியைக் கண்ட குமாஸ்தாவைப் போல முன்னால் வளைந்து நின்றது.

மர வேலையைப் பற்றி விஸ்தரிக்க அதிகமில்லை. பிரிந்த ஏடுகளுக்கிடையே ஃபெவிகாலை ஊசிக்குழலால் செலுத்தி, மேலே ஒரு பலகையை வைத்து, அதன்மேல் எங்கள் பாட்டி காலத்து அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன். மிக்ஸி வந்த நாள் முதல் கொல்லையில் முடங்கிக் கிடந்த அம்மி மறுபடியும் வீட்டுக்குள் வந்ததில் என் மனைவிக்கு ஒரு திருப்தி இருந்தது என்றே நினைக்கிறேன்; ஏனெனில், "அதில் ஒரு துவையல் அரைக்கச் சொன்னால் மட்டும் தூக்க முடியாது" என்பதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கழுத்து விஷயம் வேறு. அதன் வயிற்றுக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அலன் கீயால் அதன் திருகைக் கால் சுற்று மட்டும் முறுக்கி, ஒரு நாள் பொறுத்து, பிறகு மறுபடியும் கால் சுற்று முறுக்கினால், தந்திகளின் இழுப்புக்கு எதிராக அது கழுத்தைப் பின்னால் நிமிர்த்துகிறது. அவசரக்காரர்களுக்கு இது ஏற்ற தொழிலல்ல. கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு மிகவும் ஏற்றது. கழுத்து நிமிர்ந்தபின் மெட்டுகளைக் கவனித்தேன். என் மனைவி கல்யாணத்துக்கு முன் வீணை பயின்றவள். அவள் வீட்டு வீணைக்கு மேளம் கட்ட வருகிறவர், மெழுகை உருக்கி வைத்து, அது இறுகுமுன் இருபத்துநான்கு மெட்டுகளையும் காதாலேயே ஸ்தானம் பார்த்துப் பதிப்பாராம். கிட்டாரில் அந்தக் காதுக்கு வேலையில்லை. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். மிஞ்சிய நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாகப் பாதியில் வந்து நிற்கும். 648 மில்லிமீட்டரில் தொடங்கி, ஸ்கேலும் கால்குலேட்டருமாக உட்கார்ந்து, மெட்டு மெட்டாகத் தணிக்கை செய்தேன். முதல் மெட்டு 36.4, பன்னிரண்டாவது 324. கணக்கு நேரானது. என் உத்தியோக காலத்தில் இவ்வளவு யோக்கியமான பேரேட்டை நான் பார்த்ததேயில்லை.

மின்சாரப் பகுதிதான் என்னை ஊர் சுற்ற வைத்தது. துருப்பிடித்த குமிழ்க் கட்டுப்பாடுகளுக்கு மாற்று ரிச்சி தெருவில் கிடைத்துவிட்டது. ஆனால் பிக்கப் என்னும் சுருளை மல்டிமீட்டரில் பார்த்தபோது, ஏறத்தாழ ஆறு கிலோ ஓம் காட்ட வேண்டியது, முள் அசையாமல் சமாதி நிலையில் இருந்தது. காந்தங்களைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றிய அந்தச் சுருளில், எங்கோ ஒரு சுற்றில் உப்புப் பூத்துக் கம்பி அறுந்துபோயிருந்தது. தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும், அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரந்தான் ஒலிபெருக்கியில் ஓசையாகிறது. ஆகையால் சுருள் செத்தால் கிட்டார் வெறும் பலகை. அதை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். "எத்தனை ஹெச்.பி. சார்?" என்றார். ஹெச்.பி. இல்லை என்றேன். "சுத்தாதா?" என்றார். சுற்றாது என்றேன். சுற்றவும் சுற்றாத, தண்ணீரும் இறைக்காத ஒரு காயிலை அவர் வாழ்நாளில் கண்டதில்லை போலும், சற்று நேரம் அதை அனுதாபத்தோடு புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய கம்பியில் ஒரு முழத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்து, "இது கம்பியா, மயிரா?" என்று கேட்டார். பிறகு வித்தைக்காரனுக்கு உரிய ரோஷம் வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்கு வைத்திருந்த நுண்கம்பியை எடுத்து, சுற்று எண்ணும் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு, அறுபடாமல் சுற்றி முடித்தார். முடித்தபின், "வேலை செய்யுதான்னு நான் பார்க்கணும்" என்று அவரே மறுநாள் வீட்டுக்கு வந்தார். தந்தி கட்டுமுன் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒலிபெருக்கியில் இணைத்து, காந்த முனையை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். 'டொக்' என்றது. அவர் என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தாமும் தட்டினார். 'டொக்'. ஆறு முனைகளையும் வரிசையாகத் தட்டிவிட்டு, வெற்றிலைக் காவி தெரியச் சிரித்து, "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா சார்?" என்றார்.

வர்ணம் அடிக்கும் கட்டத்தில் என் மனைவி பிரவேசித்தாள். இங்கிலாந்தில் பிரயன் மே என்பவர் 1963-ல் தகப்பனாரோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கியபோது, கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரத்தையும், ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் உறுப்பையும், கைப்பிடி நுனிக்குத் தாயாரின் பின்னலூசியையும் உபயோகித்தார் என்று நான் அவளுக்கு ஒரு முறை பிரசங்கம் செய்திருந்தேன். வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றுவதற்கான பீடிகை அது என்பதை உணர்ந்துகொண்ட அவள், சாமான் போவதைவிட யோசனை போவது லாபம் என்று தீர்மானித்தாள் போலும். தெருமுனையில் இருசக்கர வண்டிகளுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவர் கிட்டாரின் உடலை வாங்கிப் பார்த்து, "எந்த வண்டி சார்? டாங்க்கா, சைடு பேனலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவள் பெட்டியிலிருந்த ஒரு காஞ்சிப் பட்டைக் கொண்டுவந்து விரித்து, "இந்த எம்.எஸ். ப்ளூ" என்றாள். ஃபெண்டர் கம்பெனியின் பிரசித்தமான நிறங்கள் அமெரிக்கக் கார்களின் பெயிண்ட் டப்பாக்களிலிருந்து வந்தவை. எங்கள் கிட்டாரின் நிறம் சங்கீத சரஸ்வதியின் சேலையிலிருந்து வந்தது. இதில் எது மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சப்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு, என் தகப்பனாரின் வால்வு ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபெண்டரும் ரேடியோக்காரர்தானே!

தந்திகள் ஏறிய அன்று மாலை முதலில் கேட்டது 'ம்ம்ம்' என்னும் ரீங்காரம். தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குப் போகும் எர்த் ஒயரைச் சேர்த்து, உட்குழிவில் செப்புத் தகடு ஒட்டியதும் அது பெருமளவு அடங்கியது. அதன்பின் நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அழகு பார்த்தேன். வேறென்ன செய்ய முடியும்? என் மனைவி அதை வாங்கி, முறுக்காணிகளைத் தன்னிஷ்டத்துக்குத் திருகி ஸட்ஜ பஞ்சமமாக்கி, வீணையைப்போல் குறுக்கே வைத்துக்கொண்டு, தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து ஒரு காந்தாரத்தை ஆட்டினாள். ஒலிபெருக்கியில் அது வந்த வேகத்தில் அவளே சற்றுப் பின்வாங்கிவிட்டாள். மேல்நாட்டு வாத்தியத்தில் இதெல்லாம் தகுமா என்று நான் ஆரம்பித்தேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தந்திகளைக் குறைத்து ஐந்தாக்கிக்கொண்டு வாசிக்கவில்லையா என்று அவள் முடித்தாள். சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் இப்போது மோஹனம் நடந்துகொண்டிருக்கிறது.

தீபாவளிக்குத் தங்கை மகன் வந்தான். பார்த்தான், முகம் வாடிவிட்டது. "என்ன மாமா, எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கிட்டீங்களே!" என்றான். பிறகு அவன் விளக்கிய சமாசாரம் இது: அயர்லாந்துக்காரர் ரோரி காலகர் வாசித்த 1961-ஆம் வருஷத்துக் கிட்டார் வர்ணமெல்லாம் உதிர்ந்து புகழ்பெற்றது; அதுபோன்ற கோலத்தில், புத்தம்புதுக் கிட்டாரையே வேண்டுமென்று சுரண்டி, துருவேற்றி, கூடுதல் விலைக்கு விற்கும் வழக்கம் 1990-களிலிருந்து பலமாக நடக்கிறது; வெள்ளத்தின் தயவால் இலவசமாகக் கிடைத்திருந்த அந்தக் கோலத்தை நான் அழித்துவிட்டேன். "ஏன்டா, அப்படி இருந்தால் வாசிக்க நன்றாக இருக்குமோ?" என்றேன். "வாசிக்கிறதா? எனக்கு எங்கே மாமா தெரியும்? ஆபீஸ் வீடியோ காலில் பின்னாடி சுவரில் தெரியணும்" என்றான்.

மனைவி ஒன்றும் பேசாமல் கிட்டாரை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். வேறொரு மலிவான கிட்டார் வாங்கி வந்தால் அதை நானே கீறிக் கொடுக்க முடியுமா என்று அவன் மெல்லக் கேட்டான். சீர்ப்படுத்தியதற்குக் கூலி கேட்காத நான், கெடுப்பதற்குக் கேட்பதில் தவறில்லை என்று, உப்புத்தாள், வினிகர், அம்மிக்கல் வாடகை முதலானவற்றைத் தனித்தனி இனமாகக் காட்டி ஒரு மதிப்பீடு தயாரித்துக் கொடுத்தேன். அது இன்னும் ஒப்புதலுக்காக அவனிடம் நிலுவையில் இருக்கிறது.