புதுப்பாட்டும் சிறுநீர்ப் பெயர்ச்சியும்: அரங்க ராக் கச்சேரி குறித்து ஒரு முன்னாய்வு

ராக் கச்சேரியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மேடையைப் பார்த்தபடியே எழுதிவிட்டார்கள். டிக்கெட் விலையை நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐம்பதாயிரம் பேர் பீரும் கோலாவுமாக ஒரே இடத்தில் மூன்று மணிநேரம் கூடியிருந்தால், அங்கே நிகழும் மிகப் பெரிய அசைவு மேடைக்கு எதிர்த்திசையில்தான் நடக்கும். இதை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

எமது கருதுகோள் இது: “அடுத்தது எங்கள் புதிய ஆல்பத்திலிருந்து” என்று பாடகர் அறிவிப்பதற்கும் கழிப்பறை வரிசை நீள்வதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. திணை இலக்கணப்படி வகுத்தால், முதற்பொருள் திறந்தவெளி அரங்கமும் முன்னிரவும். கருப்பொருள் பீர், வறுவல், யானை விலைக் கறுப்பு டிஷர்ட். உரிப்பொருள் அடக்கலும் அடக்கல் நிமித்தமும்.

ஆதிகாலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸைக் காண வந்தவர்கள் சுமார் 55,600 பேர். பீட்டில்ஸ் மேடையில் நின்றதோ ஏறக்குறைய அரைமணி. அதுவும் பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்ய வைத்திருந்த ஒலிபெருக்கியில் குரல் வந்தது. ரசிகைகளின் அலறலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. எது புதுசு, எது பழசு என்று தெரிந்தால்தானே எழுந்து போக?

1973 மே மாதம் ஃபுளோரிடாவின் டாம்பாவில் 56,800 பேரைக் கூட்டி அந்தச் சாதனையை முறியடித்தது லெட் செப்லின். எமது துறையின் உண்மையான முன்னோடிகள் இவர்கள். இவர்களுடைய டிரம்மர் ஜான் பான்ஹம், ‘மோபி டிக்’ என்ற உருப்படியில் தனியாக வாசிக்கத் தொடங்கினால் சில இரவுகளில் அரைமணிகூடப் போகும். அந்நேரம் மற்ற மூவரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். அவர்களே போனபின் ரசிகன் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? மார்கழி சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனில் வடை தீரும் நிகழ்வு இதன் கிளைத்திணை. (மிருதங்க வித்வான்கள் மன்னிக்க.)

பிற்காலத்தில் டிரம் ஆவர்த்தனம் குறுகிப்போக, அதன் பொறுப்பு முழுவதும் புதுப்பாட்டின் தலையில் விழுந்தது. புதுப்பாட்டே போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரோலிங் ஸ்டோன்ஸ் சாட்சி. 2005க்குப் பிறகு, சொந்தப் பாட்டுகள் கொண்ட முழு ஆல்பம் 2023 வரை அவர்களிடமிருந்து வரவில்லை. புராஸ்டேட் வயதை எட்டிவிட்ட ரசிகர்கள் அந்தப் பதினெட்டு ஆண்டுகள் எந்தப் பாட்டுக்கு எழுந்து போனார்கள்? இடையில் வந்த உதிரிப் பாட்டுகள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கச்சேரியின் நீளமே சிக்கலாவதும் உண்டு: 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 4 மணி 6 நிமிடம் பாடியிருக்கிறார். அதை ஆராயும் திடம் எமக்கில்லை.

களத்துக்கு வருவோம். இருக்கை வரிசைகளுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் நடைவழிக்குக் குரல் சரியாக வராது. பேஸும் டிரம்மும் மட்டும் சுவரைத் துளைத்து வயிற்றில் வந்து இடிக்கும். வரிசையில் நிற்பவர்கள் அந்த இடியை வைத்தே பாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். புதுப்பாட்டு ஓடும்வரை பொறுமை, புன்னகை, “நீங்க முன்னாடி போங்க” என்ற உபசாரம். பிறகு, எந்தப் பாட்டுக்காக டிக்கெட் எடுத்தார்களோ அது மேலே தொடங்கும். முன்னால் இன்னும் ஐந்து பேர் நிற்கும்போது தொடங்குவதுதான் இயற்கை விதி. சிலர் வந்த காரியத்தை மறந்து ஓடுகிறார்கள். சிலர் ஓடிக்கொண்டே ஜிப்பை இழுக்கிறார்கள். உள்ளே சுவரைப் பார்த்து நிற்பவர்களோ ஒரே குரலில் பல்லவியைப் பிடித்துவிடுகிறார்கள், சுதிகூடச் சேருகிறது. இரு கைகளையும் உயர்த்தித் தட்டும்படி பாடகர் கேட்கிறார். அவர்களால் மட்டும் இயலவில்லை.

பெண்கள் வரிசைக்கு ஒரு புதுப்பாட்டு காணாது, ஓர் ஆல்பமே வேண்டும். அரங்கங்களுக்கு வரைபடம் போட்டவர்கள் ஆண்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எமக்குத் தோன்றவில்லை.

இன்றைய ரசிகர் முன்யோசனைக்காரர். முந்தைய ஊரில் பாடிய பட்டியலைப் பார்த்து, எத்தனையாவது பாட்டில் எழுவது என்று தீர்மானித்துவிட்டுத்தான் வீட்டிலிருந்தே கிளம்புகிறார். 2025 ஜனவரியில் நவி மும்பையிலும் அகமதாபாத்திலும் பாடிய கோல்ட்ப்ளே, வந்தவர்கள் மணிக்கட்டில் மேடையிலிருந்தே இயக்கப்படும் விளக்குப் பட்டையைக் கட்டிவிட்டது. பார்க்க அழகு. ஆனால் ஆளில்லாத இருக்கை இருட்டாகத் தெரியும். எந்தப் பாட்டுக்கு எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று மேடைக்குக் கோள் சொல்லும் கருவி இது.

கருதுகோளுக்கு ஒரே விலக்கு, புதுப்பாட்டின்போது கண்மூடி, வரி பிசகாமல் உடன் பாடும் அந்த ஒருவர். எல்லா வரிசையிலும் ஒருவர் இருப்பார். நாம் முழங்காலைத் தாண்டிப் போகையில் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். அவர் எப்போது போகிறார் என்பது தனியே ஆராயத் தக்கது.

அதற்கு நிதி நல்குவோர் இரண்டு டிக்கெட் அனுப்பினால் போதும். மேடைக்கு அருகில் வேண்டாம். நடைபாதை ஓரம், வாயிலுக்குப் பக்கத்து இருக்கைகள் உத்தமம்.