லேட்டாக் கிளம்புன பஸ்ஸு

ஏத்தா, நாள் தள்ளிப் போச்சுன்னு நீ ரகசியமாச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்க. ஒன் மாமியா நேத்தே பரண்ல கெடந்த தொட்டில் கம்பை எறக்கித் தொடைச்சு வச்சிட்டா.

மொதல்ல எண்ணிப் பாரு. போன தடவை வந்த மொத நாள்ல இருந்து எண்ணணும், நின்ன நாள்ல இருந்து இல்ல. 21 நாளுக்கும் 35 நாளுக்கும் நடுவுல எப்ப வந்தாலும் அது ஒழுங்குதான். 28ஆம் நாள் காலம்பற டாண்ணு வந்து நிக்கணும்னு போன்ல ஒரு ஆப்பு வச்சிருக்கியே, அதைச் செஞ்ச பயலுக்கு மாசமாசம் வந்திருந்தால்ல தெரியும்!

அடுத்து மெடிக்கல்ல கர்ப்பம் பாக்குற பட்டை ஒண்ணு வாங்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல நான் ஆயாவா இருந்த காலத்துல எத்தனையோ மாமியாருக கணக்கை அந்தப் பட்டை பொய்யாக்குனதைப் பாத்தவ நான். விடிஞ்சதும் போற மொத ஒண்ணுக்குல ரெண்டு சொட்டு விட்டுப் பாரு. ஒத்தைக் கோடுன்னா ஒரு வாரம் பொறுத்து மறுபடி பாரு. ரெண்டு கோடு விழுந்து, ஒருபக்கமா அடிவயிறு குத்தி, தலையும் கிறுகிறுன்னு வந்துச்சுன்னா, கஷாயம் வச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக் கெடக்காத. கரு கொழாய்ல தங்கியிருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதுல மட்டும் எனக்கு வெளையாட்டுக் கெடையாது.

ஒத்தைக் கோடுதான்னு வச்சுக்குவோம். இப்ப ஒன் பவுசைப் பேசலாம். லேட்டானது தீட்டு இல்லடி, முட்டை. முட்டை வெளிய வந்துருச்சுன்னா அதுக்கப்பறம் ரெண்டு வாரம் போலத்தான், அந்தத் தூரம் பெருசா மாறாது. உசிலம்பட்டியில லேட்டாக் கிளம்புன பஸ்ஸை ஆரப்பாளையத்துல நின்னு வஞ்சு என்ன புண்ணியம்? அதனால நேத்து என்னத்தைத் தின்னோம்னு ரோசனை பண்ணாத. மூணு நாலு வாரத்துக்கு முந்தி என்ன கூத்தடிச்சேன்னு நினைச்சுப் பாரு.

நானே சொல்லவா? கல்யாணத்துக்கு எளைச்சது பத்தாதுன்னு இப்பவும் ராத்திரிச் சோத்தை விட்டுட்டு வெள்ளரிக்காயைக் கடிக்கிற. அமெரிக்காக்காரன் முழிச்சிருக்கான்னு நீயும் விடிய விடிய முழிக்கிற. இவளுக்கே கஞ்சி இல்ல, தூக்கம் இல்ல, இதுல பிள்ளை ஒரு கேடான்னு மூளை முட்டைப்பைக்குச் சொல்லி விடுறதை நிறுத்திருது. அதுக்கு ஒன்னைய விட அறிவு சாஸ்தி.

இதுல சித்திரைத் திருவிழாவுக்குன்னு தள்ளிப் போடுற மாத்திரை வேற தின்ன. அழகரே ஆத்துல எறங்குற நாளை மாத்துறதில்ல! அந்த மாத்திரையை நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துரும், அடுத்த மாசக் கணக்குக் கொஞ்சம் பிசகலாம். 72 மணி நேரத்துக்குள்ள தின்கிற அவசர மாத்திரையும் அப்படித்தான், ஒரு வாரம் முன்னப் பின்ன இழுத்து விட்டுரும். ஏன் முழிக்கிற? நான் ஒண்ணும் கேக்கலையே.

எள்ளுருண்டை, பப்பாளின்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவா. ருசிக்குத் தின்னு. முட்டை அவ பேச்சைக் கேக்காது.

இப்படியே அடிக்கடி தள்ளிப் போயி, மோவாயில முடி, மூஞ்சியில பரு, ஒடம்பும் ஏறுச்சுன்னா அது நீர்க்கட்டியா இருக்கலாம். கட்டின்னதும் கத்தி வப்பாகளோன்னு அழுவாத, முழுசா வளராம பாதியில நின்னு போன முட்டைப் பொட்டலங்கதான் அது. 'அப்பத்தா காலத்துல இதெல்லாம் ஏது'ன்னு ஒங்கப்பன் பேசுவான். 1935லேயே சிகாகோவுல ஸ்டெய்ன், லெவெந்தால்னு ரெண்டு டாக்டருக இதை எழுதி வச்சிட்டாகன்னு எங்க டாக்டரம்மா சொல்லுவாக. நம்ம ஊர்லயும் இருந்துச்சுத்தா. வியாதிக்குப் பேரு வைக்கத் தெரியாம பொம்பளைக்கு மலடின்னு பேரு வச்சோம். எடை கூடுனவுகளுக்கு அதுல 5 சதவீதம் கொறைஞ்சாலே பல பேருக்கு முட்டை மறுபடி கெளம்பிருது. அதுக்குன்னு பட்டினி கெடக்காத, பழைய கதைதான் வரும்.

3 மாசம் வரலைன்னா, இல்ல எப்பவுமே கணக்குத் தப்பியே வந்தா, டாக்டரம்மாவப் பாரு. தைராய்டு, புரொலாக்டின்னு ரத்தம் எடுப்பாக. வாந்திக்கு, மனசுக்குன்னு என்ன மாத்திரை தின்னாலும் சீட்டை எடுத்துட்டுப் போ, சிலது மாசத்தை நிறுத்தும். நீயா எதையும் விட்டுறாத.

அப்பறம் ஒங்காத்தா, என் மருமக. 46 வயசுல ரெண்டு மாசமா வரலையாம். நின்னுருச்சுன்னு நிம்மதியா இருக்கா. முழுசா 12 மாசம் வராம இருந்தாத்தான் நின்னுச்சுன்னு கணக்கு, அதுவரைக்கும் எந்த முட்டை எப்பக் கெளம்பும்னு சொல்ல ஏலாது. ஒங்கப்பனையும் நம்ப முடியாது. பட்டையை ரெண்டா வாங்கு. ஒனக்குத் தம்பி கிம்பி பொறந்தா பேறுகாலம் பாக்க எனக்குத் தெம்பு இல்லடி.