மூன்று சைக்கிளாவது வந்து சேர வேண்டும்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பாஸ்கு விடுமுறைக்கு இங்கிலாந்துக்காரர் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முக்கால்வாசிப் பேர் முட்டை வடிவில் விற்கிற சொக்லேற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் மூன்று, நான்கு பேராகச் சேர்ந்து, இரவிரவாகச் சைக்கிள் மிதித்து யோர்க் நகரத்துக்குப் போகும். 24 மணித்தியாலத்துக்குள் ஆகக் குறைந்தது 360 கிலோமீற்றர். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற ஏ9 வீதியை முழுதாக மிதித்து முடித்தாலும் இந்தக் கணக்குக்குக் காணாது. "விசர் பிடிச்சவங்கள்" என்று நீங்கள் சொல்வது செட்டிகுளத்திலிருந்து இங்கே எனக்குக் கேட்கிறது. ஆனால் இந்த ஓட்டத்தின் விதிகளை ஆறுதலாக இருந்து வாசித்துப் பாருங்கள். கெட்டிக்காரன் முந்திக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே யாரோ மினக்கெட்டு எழுதிய விதிகள் அவை. விசரர் எழுதுகிற எழுத்தல்ல.

இதன் பிறப்பு பிரான்சில். பாரிஸிலுள்ள ஓடாக்ஸ் கழகம் 1947இல் தொடங்கிப் பாஸ்குக் காலத்தில் நடத்திவருகிற 'ஃப்ளெஷ் வெலோசியோ' என்ற ஓட்டத்தைத்தான் இங்கே ஓடாக்ஸ் யூகே என்ற சங்கம் யோர்க்கை நோக்கி நடத்துகிறது. ஒரு அணிக்கு மூன்று முதல் ஐந்து சைக்கிள். எங்கிருந்து புறப்படுவது, எந்த வீதியால் போவது என்பதெல்லாம் அணியின் விருப்பம். ஆனால் ஆகக் குறைந்தது மூன்று சைக்கிளாவது ஒன்றாக வந்து சேர வேண்டும். இரண்டு மட்டும் வந்தால் அந்த இரண்டுக்கும் கணக்கில்லை. ஓரிடத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவும் கூடாது. எல்லாவற்றிலும் வேடிக்கையானது கடைசி விதி: இறுதி இரண்டு மணித்தியாலத்தில் 25 கிலோமீற்றராவது ஓடியிருக்க வேண்டும். அதாவது நள்ளிரவோடு தூரத்தை முடித்துவிட்டுக் குறட்டை விடலாம் என்று நினைக்கிற வேகக்காரனை விடியப்புறம் தட்டி எழுப்பி மறுபடியும் மிதிக்க வைக்கிற விதி. வேகத்தைத் தண்டிக்கிற போட்டி வேறெங்கும் இருக்கிறதோ தெரியாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 360ஐ 24ஆல் பிரித்தால் மணிக்கு 15 கிலோமீற்றர். வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவரின் வேகம். கொஞ்சம் எட்டி மிதித்து 20இல் போனால் 18 மணித்தியாலத்தில் தூரம் முடியும். மிச்சம் ஆறு மணித்தியாலம் நிற்பதற்கு. அந்த ஆறும் எங்கே போகிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது. ஒருவருக்குத் தேத்தண்ணி வேண்டும், ஒருவருக்கு ரியூப் ஒட்ட வேண்டும், இன்னொருவருக்குச் சப்பாத்துக் கழற்றிக் கால் தடவ வேண்டும். ஐந்து பேரும் பத்துப் பத்து நிமிடமாகத் தனித்தனியே நின்றால் ஐம்பது நிமிடம்; ஒரே தடவையில் எல்லாரும் எல்லா வேலையையும் பார்த்தால் பத்தே நிமிடம். ஆகவே இதில் வெல்வது கால்களின் பலம் அல்ல, ஐந்து பேர் ஒரே நேரத்தில் பசிக்கப் பழகுவதுதான். வழியில் நின்ற இடங்களுக்கு அத்தாட்சியும் வேண்டும். சாமம் மூன்று மணிக்குத் திறந்திருப்பது பெற்றோல் நிலையம் ஒன்றுதான். நேரம் அச்சடித்த துண்டு ஒன்றுக்காக அங்கே போய் வேண்டாத சூயிங்கம் வாங்குவார்கள்.

"பெலமுள்ளவனைப் பெலவீனனோடு கட்டிவைப்பது என்ன நியாயம்?" என்று கேட்பீர்கள். காற்று சொல்லட்டும். சமதரையில் சைக்கிள்காரனின் முதல் எதிரி முன்னால் நிற்கிற காற்று. வேகம் கூடக் கூட அது அதைவிடப் பல மடங்கு கூடி மறிக்கும். முன்னே ஒருவர் போக அவருடைய பின்சில்லை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் கணிசமான பங்கு மிச்சம். ஆகவே பெலமுள்ளவன் தன் பெலத்தை வீணாக்க வேண்டியதில்லை. முன்னுக்கு வந்து மற்றவர்களைவிட நீண்ட நேரம் காற்றை வாங்கினால் போதும். ஒரு விடயத்தை மட்டும் அவன் விட வேண்டியிருக்கிறது: தான் எவ்வளவு பெலமானவன் என்று காட்டுவதை. அதுதான் ஆண்பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று பெரியம்மா சொல்லக்கூடும். நான் இடையில் வரவில்லை.

இந்த ஓட்டத்தைப் பகலிலேயே செய்யலாமே என்பது அடுத்த கேள்வி. செய்யலாம். ஆனால் பகலில் ஐந்து பேர் சேர்ந்து ஓடினால் அது உல்லாசப் பயணம். சாமம் மூன்று மணியிலிருந்து விடியும் வரை உடம்பின் சூடு இறங்கி, எவ்வளவு பழகியவனுக்கும் கண் செருகும். நித்திரை தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. முன்சில்லு ஆடுவது பக்கத்தில் வருகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். தனியே போகிறவனைக் கானுக்குள் இருந்து எடுக்க வேண்டியிருக்கும். கூட்டமாக வருகிறவர்கள் அவனைப் பஸ் தரிப்பிடத்து வாங்கில் கால் மணித்தியாலம் கிடத்தி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். பஸ் தரிப்பிடத்தில் படுப்பது இந்தக் கூட்டத்தில் கௌரவக் குறைவே அல்ல. செட்டிகுளத்துப் பக்கம் இப்படி ஓட்டம் வைத்தால் ஆட்களை எழுப்ப யானை வரும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உங்களுடைய பெரிய மறுப்பு எதுவென்று எனக்குத் தெரியும். யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நெல்மூட்டை, விறகு, வருத்தக்காரர், எல்லாமே கரியரில். பற்றரியும் இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது பாரில் பிள்ளையும் கரியரில் மூட்டையுமாக உருட்டிக்கொண்டு போன சைக்கிளுக்குக் கணக்கில்லை. அதற்கு யாரும் நேரம் அச்சடித்த துண்டு கொடுக்கவில்லை. இங்கே ஒரு நல்ல கார்பன் சைக்கிளின் விலைக்கு ஊரில் பாவித்த லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று வாங்கலாம்; அந்தச் சைக்கிளில் ஏறிக் கஷ்டப்படக் காசும் கட்டுகிறார்களே என்பீர்கள். நியாயம்தான். களைத்துவிட்டால் இவர்கள் அடுத்த ஸ்ரேசனில் ரெயின் ஏறலாம். அன்றைய சனத்துக்கு அந்த வசதி இருக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையல்ல, நான் வைக்கவும் இல்லை. ஆனால் கூட்டத்தின் வேகத்தை அதில் ஆகவும் மெதுவாக வருகிறவர்தான் தீர்மானிப்பார் என்பதை எங்கள் சனத்துக்கு எந்தப் பாரிஸ் கழகமும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே இந்த ஓட்டத்தை விசர் என்று சொல்ல உலகத்தில் யாருக்கு உரிமை இருந்தாலும் நமக்கு இல்லை.

கடைசியாக, ஓட்டத்தின் பெயரில் வருகிற அந்த வெலோசியோ யார் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். போல் து விவி என்பது சொந்தப் பெயர். 1853இல் பிறந்தவர், சென் எத்தியன் ஊரில் வாழ்ந்தவர். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் கடையும் சைக்கிள் பத்திரிகையும் நடத்தினார். மாமிசம் தொடாதவர். பல கியர் வைத்த சைக்கிளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதியவர் தூர் து பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய டெகிராஞ். அந்தப் பந்தயத்துக்குள் கியர் மாற்றி வந்தது 1937இல்தான். அதைப் பார்க்க வெலோசியோ இல்லை. 1930இல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது டிராம் மோதி இறந்துவிட்டார். லுமாலா சைக்கிளில் கியர் இல்லாமலே இவ்வளவு காலமும் ஓடுகிற நீங்கள் டெகிராஞ் பக்கம் நிற்பீர்கள் என்று தெரியும். வயதுக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முதல் பரிசு எவ்வளவு என்றுதானே அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்? பரிசே இல்லை. முதலாவது, இரண்டாவது என்றும் இல்லை. வந்து சேர்ந்ததற்கு ஞாபகமாகப் பதக்கம் வேண்டுமென்றால் அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்த ஒன்றில் மட்டும் நீங்கள் சொல்லப்போவதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்