பதின்மூன்று கட்டங்களும் ஆயாவின் காடும்

1991 ஏப்ரலில் நான் பட்டத் தேர்வு எழுதியபோது உலகம் ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு பயிர், ஒரு கனிமம், ஒரு தொழில். டான்பாஸ் என்றால் நிலக்கரி, மாக்னிடோகோர்ஸ்க் என்றால் இரும்பு, கியூபா என்றால் சர்க்கரை, காங்கோ படுகை என்றால் காட்டை எரித்து விதைக்கிற சனங்கள். சோவியத் ஒன்றியத்தின் தொழில் மண்டலங்களை விவரிக்கச் சொல்லிக் கேள்வி வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சியில் சல்லிசாகக் கிடைத்த முன்னேற்றப் பதிப்பகப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்ததால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அந்த டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போயிற்று. அதற்கு வாங்கிய மதிப்பெண் மட்டும் இன்னும் என் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது.

பாடத்தின் பெயர் உலக வட்டாரப் புவியியல். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இறங்கி, கீழ்நாட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்து இதைப் படித்தேன். 1905இல் ஹெர்பர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பூமியை இயற்கை மண்டலங்களாகப் பிரித்தார். 1936இல் விட்டில்சி என்ற அமெரிக்கர் உலக வேளாண்மையைப் பதின்மூன்று வகையாகப் பிரித்தார். நாங்கள் அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேசைமேல் டிரேசிங் தாளை விரித்து, இந்தியன் இங்க்கில் நிப்பைத் தோய்த்து, அந்தப் பதின்மூன்றுக்கும் கோடும் புள்ளியும் போட்டோம். எல்லைக்கோட்டில் மை சிந்தினால் தாள் போச்சு. அதனால் எல்லைகள்மேல் எனக்கு அபார மரியாதை உண்டாகியிருந்தது.

எங்கள் மலை அந்தப் பாடத்தில் வரவில்லை என்று சொல்ல முடியாது. இந்தியப் பகுதியில் ஒரு வரி வரும். கிழக்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியற்றது. ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. வாத்தியார் இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஆண்டிஸுக்கு ஏறிவிடுவார். காங்கோ பாடம் நடக்கும்போது மட்டும் பின்பெஞ்சிலிருந்து யாராவது என் பக்கம் திரும்பி, “உங்க மலையிலயும் இப்படித்தானாடா?” என்பார்கள். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று வீராப்பாகப் பதில் சொல்வேன். ஓரி என்ன விதைத்தான் என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, என் ஆயாவின் நிலம் விட்டில்சியின் எந்த வகை என்று பார்க்க உட்கார்ந்தேன். பள்ளத்தில் வயல், நெல். ஆகவே தீவிர நெல் வேளாண்மை. சரிவில் உழவுக்காடு, அதில் சாமை. ஆகவே நெல் அல்லாத தன்னிறைவு வேளாண்மை. ஏர் போகாத செங்குத்தில் கொத்துக்காடு, மண்வெட்டியால் கொத்தி விதைத்தது. இதற்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார், மரியாதையான பெயர் இல்லை. வரப்போரம் மலைவாழையும் அன்னாசியும், சோளக்காட்டுச் சந்தைக்கு. அது வணிகத் தோட்டக்கலை. ஆடுமாடு வேறு. உலகத்தின் பாதி, ஒரு கிழவியின் சில ஏக்கரில். “என்னடா எழுதற?” என்று கேட்டாள். “உன் காட்டை எந்தக் கட்டத்துல போடறதுன்னு பாக்கறேன் ஆயா.” “கட்டத்துல போட்டா வெளஞ்சிருமா?” என்று சொல்லிவிட்டு உரலுக்குப் போனாள்.

அப்போதே நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று உண்டு. சாமைக்காடு ஒவ்வொன்றாகக் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, மாறிக்கொண்டிருந்தது. கிழங்கு லாரி ஏறி, வளைவிறங்கி, ராசிபுரம், சேலம் பக்கத்துச் சேகோ ஃபேக்டரிகளுக்குப் போய் ஜவ்வரிசி ஆகும். இந்தச் செடி தென்னமெரிக்காவில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இதைப் பரப்பினார். அசல் ஜவ்வரிசியோ கிழங்கிலிருந்து வருவதே இல்லை. தென்கிழக்காசியாவின் சேகோ பனைமரத்துச் சோற்றில் செய்வது. 1942இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போக, கப்பல் நின்றது, பனை ஜவ்வரிசியும் நின்றது. அந்தப் பஞ்சத்தில்தான் மரவள்ளி மாவை உருட்டி ஜவ்வரிசி பண்ணும் தொழில் சேலத்தில் வேர்விட்டது. ஆக, என் மாமன் தன் சரிவில் குச்சி நட்டதற்குப் பின்னால் பிரேசிலும், ஒரு மகாராஜாவும், ஜப்பானியப் படையும் இருந்தார்கள். என் பாடப்புத்தகத்தில் தென்னமெரிக்கா மூன்றாம் பாடம், தென்கிழக்காசியா ஏழாம் பாடம். இரண்டுக்கும் நடுவே எங்கள் மலைப் பாதையில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்ததை எந்தப் பாடமும் பார்க்கவில்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்த மண்ணுக்கே உரிய பொருளாம்.

இப்போது மலையில் ஆஸ்திரேலியாவும் இருக்கிறது. சில்வர் ஓக் அங்கிருந்து வந்த மரம்; எத்தியோப்பியக் காப்பிக்கு நிழல் தருகிறது, மிளகுக்கொடியைத் தோளில் ஏற்றிக்கொள்கிறது. நாங்கள் படித்த காலத்தில் புவியியல் மாணவர் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எல்லோரும் வோல்கா கரையில் இருந்தோம். இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலப்பயன்பாட்டு ஆய்வு செய்கிறவர்கள் அடிக்கடி வருகிறார்கள். போன வருடம் ஒரு பையன் மடிக்கணினியைத் திறந்து கரும்பச்சைத் திட்டு ஒன்றைக் காட்டினான். “அடர்ந்த காடு சார்.” அது என் மாமன் மகனின் மிளகுத் தோட்டம். சொன்னேன். “கம்ப்யூட்டர் காடுன்னுதான் சார் சொல்லுது” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கோடு போட்டேன், அவன் நிறம் போடுகிறான்.

சாமை கதை இன்னும் வேடிக்கை. அன்று அது பின்தங்கிய வட்டாரத்தின் அடையாளம். விடுதியில் வெள்ளைச் சோறு தின்றபோது நான் முன்னேறிய வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்ததாகவே நினைத்தேன். 2018இல் மத்திய அரசு சிறுதானியங்களுக்கு ஊட்டச்சத்துத் தானியம் என்று புதுப்பெயர் சூட்டியது. 2023 ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு. செம்மேட்டில் சுற்றுலாக்காரர்கள் சாமை பாக்கெட்டைக் காரில் ஏற்றுகிறார்கள். என் அக்கா வீட்டு அடுப்பில் கொதிப்பது கீழ்நாட்டிலிருந்து வரும் ரேஷன் அரிசி. சாமை குறைந்ததற்குக் காசும் ரேஷனும் காரணம் என்பார்கள். ஆயாவைக் கேட்டால் உரலைக் காட்டியிருப்பாள். உமி போகக் குத்துவதற்குள் தோள்பட்டை இற்றுவிடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொண்ணூறுகளிலிருந்து மலையில் வேலை செய்து, உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். உரலைப் பார்த்த முதல் படித்தவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

அக்கா மகளும் புவியியலே எடுத்திருக்கிறாள். போன மாதம் போனில் கூப்பிட்டாள்.

“மாமா, அமேசான் படுகை மக்களோட விவசாயம் பத்தி அசைன்மென்ட். படம் ஒட்டணும். மரவள்ளிக் காடு.”

“நம்ம கொல்லிமலையப் பத்தியே எழுதேன் கண்ணு.”

“சிலபஸ்ல இல்ல மாமா.”

கொல்லைப்புறம் போய் எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டையே போனில் பிடித்து, கீழே ‘பிரேசில்’ என்று எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டாள். பத்துக்கு எட்டு மதிப்பெண். இரண்டு ஏன் குறைந்தது என்று கேட்டேன்.

“அமேசான் படுகை தட்டையான பூமியாம் மாமா. பின்னால மலை எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க.”