மிளகாய் மேல் விழுந்த பழி

கேள்வி: எனக்கு வயிற்றில் அல்சர் என்றதும் வீட்டில் காரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். மிளகாய்தானே காரணம்?

பதில்: பாவம், மிளகாயை விடுதலை செய்யச் சொல்லுங்கள்! இருக்கிற புண்ணில் காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது அது அல்ல. பெரும்பாலும் குற்றவாளி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. வயிற்று அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று மருத்துவ உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அது அங்கே குடித்தனம் நடத்துவதைக் கண்டுபிடித்தார்கள். பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பை அழற்சி. என்ன நெஞ்சுரம்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தே பலரையும் குணமாக்கிவிடுகிறார்கள்.

அடுத்த குற்றவாளி வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் இரைப்பைச் சுவரின் பாதுகாப்பைக் குறைப்பவை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பெரியவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

மேல்வயிற்றில் எரிச்சல், வெறும் வயிற்றிலோ நள்ளிரவிலோ வலி, குமட்டல், இவைதான் வழக்கமான அறிகுறிகள். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்குப் பைலோரி பரிசோதனை செய்தார்களா? அடுத்த முறை டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.