நுளம்புவிரட்டித் தெரிவு: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விருந்தினர்க்கான வகைப்பாடு

கொழும்பில் நுளம்புவிரட்டியைத் தெரிவு செய்வோர் முதலில் அறிய வேண்டியது மணி என்ன என்பதாகும். இங்கே பகலுக்கு ஒரு நுளம்பும் இரவுக்கு ஒரு நுளம்பும் உண்டு. டெங்கைப் பரப்பும் ஈடிஸ், பூச்சாடித் தட்டின் தெளிந்த நீரில் பிறந்து, காலையிலும் மாலை மயங்குமுன்னும் கடிப்பது. கியூலெக்ஸ், வடிகானின் அழுக்கு நீரில் பிறந்து, இரவில் கடிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் 2017இல் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குத் தொற்றுக்கு ஆளாயினர். எனவே இரவை மட்டும் காக்கும் முறை பாதி முறையே.

விரட்டிகள் நால்வகைப்படும்: பூசுவன, புகைவன, வீசுவன, மறைப்பன. நுளம்பு பேட் இவற்றுள் அடங்காது, அது கொல்லி. இரண்டையும் ஒரே அலுமாரித் தட்டில் வைப்பது வசதி கருதியே.

பூசுவனவற்றுள் தலையாயது டீட். 1946இல் அமெரிக்க இராணுவத்துக்கென ஆக்கப்பட்ட இது, நான்கில் ஒரு பங்குச் செறிவில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் காக்கும். பருத்தியை ஒன்றும் செய்யாது. மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் சட்டத்தை இளக்கும். மற்றொரு பூசுவிரட்டியான பிக்காரிடினுக்கு அக்குற்றம் இல்லை. இலங்கையின் பெயரால் உலகறிந்த சிட்ரனெல்லா எண்ணெய் மணத்தால் மூத்தது, காவல் நேரத்தால் இளையது. வெயில் தடுப்புக் கிரீம் முன்னும் விரட்டி பின்னும் பூசப்படும், இவ்வரிசை மாறலாகாது.

புகைவனவற்றின் முதல்வன் சுருள். ஜப்பானில் 1890இல் நேர்க்குச்சியாய்ப் பிறந்து, விரைவில் எரிந்து தீர்ந்தமையால் சுருண்டது. பெட்டியில் இரண்டிரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும். அவற்றைப் பிரிப்போர் இருவகையினர்: முழுதாய்ப் பிரிப்போர், துண்டாய்ப் பிரிப்போர். துண்டையும் தகரத் தாங்கியில் செருகலாம். காவல் துண்டின் நீளத்தளவே. முழுச்சுருள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் எரியும். இரவு பத்துக்குக் கொளுத்தியது காலை ஆறுக்கு அணையும். ஈடிஸ் அதன்பின்னரே சுறுசுறுப்படையும். மேலும், புகைக்காகச் சாளரம் திறக்கப்பட வேண்டும். திறந்த சாளரம் நுளம்புக்கும் வாயிலாகும்.

வீசுவன: நுளம்பு வலுவாய்ப் பறக்க வல்லதன்று, காற்றை எதிர்க்க மாட்டாது. வெள்ளவத்தை மெரீன் டிரைவ் மாடிகளுக்குக் கடற்காற்று இலவசம். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளின் உள்ளறைகளுக்கு மின்விசிறி வேண்டும். இரண்டிடத்தும் மேசைக்கீழ்ப் பரப்பு காற்றின் ஆட்சிக்கு வெளியே நிற்கிறது. ஈடிஸ் விரும்புவதும் கணுக்காலையே. ஆதலால் கணுக்காலுக்குப் பூசுவதே சேமம்.

மறைப்பன வலையே. ஓரத்தை மெத்தையின் கீழ்ச் செருகுமுன் உள்ளே ஆராய வேண்டும். உள்ளிருக்கும் நுளம்பையும் வலை வெளிக்காற்றிலிருந்து காக்கும்.

இனி ஒரு நுட்பம். விரட்டப்பட்ட நுளம்பு பசியாறவில்லை, அடுத்தவரிடம் செல்கிறது. ரொறன்ரோவிலிருந்து கலியாணத்துக்கு வந்த மருமகன் பூசிக்கொண்டு, பூசாத மாமாவின் அருகே அமர்ந்தால், நிகழ்ந்தது விரட்டலன்று, திசைமாற்றல். ஆகவே சபையில் ஒருவர் பூசினால் அனைவரும் பூச வேண்டும். போத்தலை வயதில் மூத்தவர்க்கு முதலில் நீட்டுவது முறை.